மூடாத தண்ணீர்

மீன்தூள் ஆலை வந்த இரண்டாவது வருடம், பெருமூச்சான் மீன்களைப் பிடித்த இடத்தைத் தண்ணீர் மூடிக்கொள்வதை நிறுத்திவிட்டது. மீன் போன இடத்தில் மீனின் அளவுக்கே ஒரு குழி நின்றது. செதில், துடுப்பு, வால் என்று எதுவும் குறையாமல், கண்ணாடிக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழ் மாதிரி இருந்தது அது. அலை வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போனது. கையை விட்டுப் பார்த்தவர்கள், உள்ளே பொட்டு ஈரம்கூட இல்லை என்றார்கள். மற்ற மீன்களைப் பிடித்தால் தண்ணீர் வழக்கம்போலவே மூடிக்கொண்டது. இந்த ஒரு மீனுக்குத்தான் இப்படி. அந்த வாரம் டீசல் விலை ஏறியிருந்ததால் துறைமுகத்தில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்னால் பெருமூச்சானை யாரும் பொருட்படுத்தியதில்லை. உடம்பெல்லாம் முள், சதையில் பித்தளைப் பாத்திரத்தின் வாடை. பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் தூண்டிலில் மாட்டித் தண்ணீரைவிட்டு மேலே வரும்போது அது ஒரு பெருமூச்சு விடும். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்காரும் மனிதன் விடுவானே, அந்த மூச்சு. கேட்டவர்களுக்குத் தங்கள் நெஞ்சிலிருந்தே ஏதோ இறங்கிப் போனது போலிருக்கும். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் விரிகுடாவின் பாறைகளில் தூண்டில் போட்டுக் காத்திருந்தார்கள். மீன் வரும், மூச்சு விடும், முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கத்தின் அலுவலகம் பல் டாக்டரம்மாவின் மருத்துவமனை வரவேற்பறை. நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளுக்கு அடியில் புழு டப்பாக்கள் இருக்கும். ஒரு திங்கட்கிழமை தரையில் நெளிந்துகொண்டிருந்த புழுவைப் பார்த்த பெரியவர் ஒருவர், தன் சொத்தைப் பல்லிலிருந்துதான் அது விழுந்திருக்கிறது என்று நம்பி, வலி போய்விட்டதாகச் சொல்லி எழுந்து போனார். பிறகு அவர் வரவே இல்லை.

டாக்டரம்மாதான் சங்கத்தின் தலைவி. வாரம் முழுக்க அவர் முன்னால் வாயைத் திறந்து படுப்பவர்கள் யாரும் பேச முடியாதவர்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு "ஆ" என்பதுதான் பதில். அதனால், வாயைத் திறந்தால் ஒரு மூச்சாவது முழுதாக விடும் அந்த மீனை அவருக்குப் பிடித்துப்போனது என்று சங்கத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். பல் பிடுங்கும் குறட்டால் அவர் தூண்டில் முள்ளை எடுக்கும் அழகைப் பார்க்கவே ஆட்கள் கூடுவார்கள். மீனுக்கு வலித்திருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தது அவர்தான். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை, கடல் ஏறியது. ஆலை வந்ததும் அதன் பெரிய படகில் வலை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டும் வேலையில் சேர்ந்தான். வீடு ஒன்றுதான். கீழே முன்பக்கம் மருத்துவமனை, பின்பக்கம் அக்காவின் அறைகள். மாடியில் தம்பியும் அவன் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். மாடியில் யாராவது நாற்காலியை நகர்த்தினால் கீழே பல் ராவும் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

ஆலைக்குப் பெருமூச்சானின் சுவையோ முள்ளோ பொருட்டில்லை. சுருக்குமடி வலையைப் போட்டுக் கூட்டத்தோடு வளைத்து, காயவைத்து, அரைத்து, மூட்டை கட்டி, எங்கோ இருக்கும் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் அனுப்பினார்கள். முதல் வருடமே சங்கத்துக்காரர்களின் தூண்டிலில் மீன் குறைந்தது. இதைத் தூண்டிலுக்கு மட்டும் உரிய மீன் என்று அறிவித்து வலைக்குத் தடை போட வேண்டும் என்று டாக்டரம்மா மீன்வளத் துறைக்கு நடையாய் நடந்தார். அங்கிருந்த அதிகாரி விலாங்கு ஜாதி: ஆலைக்காரர்களுக்குத் தலையையும் சங்கத்துக்காரர்களுக்கு வாலையும் காட்டத் தெரிந்தவர். கடலில் இருப்பதை யார் பார்த்தது, மீன் ஏராளமாக இருக்கிறது என்பதுதான் துறையின் கருத்து என்று ஒவ்வொரு தடவையும் தேநீர் கொடுத்துச் சொல்லி அனுப்பினார்.

ஆகவே குழிகள் தோன்றியபோது சங்கத்தில் கொண்டாட்டமே நடந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் சங்கத்தின் செயலாளராக இருந்தார். தூண்டிலில் மீன் மாட்டினால்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் இழுப்பார் என்பதால் அவருக்கு நிதானம் என்று பெயர். அவரே அன்று படபடப்பாக இருந்தார். "இனிமே யாரும் மழுப்ப முடியாது, டாக்டரம்மா. தண்ணியே சாட்சி சொல்லுது," என்றார். அதிகாரியைப் படகில் கூட்டிப் போய்க் காட்டினார்கள். விரிகுடாவின் நடுப்பகுதி சல்லடையாக இருந்தது. அதிகாரி ஒரு குழிக்குள் கையை விட்டு, எடுத்து, நனையாத விரல்களைப் பழக்கதோஷத்தில் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். தண்ணீர் மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே என்றார். டாக்டரம்மா விடவில்லை. கடைசியில் அதிகாரி, விசாரணை மன்றம் கூடும், ஆதாரம் இருந்தால் மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார். விரிகுடாவை மன்றத்துக்குக் கொண்டுவர முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

டாக்டரம்மா கொண்டுபோனார். பல் செட்டுக்கு அச்சு எடுக்கும் பிளாஸ்டர் மாவைக் குழைத்து, குழாய் வழியாகக் குழிக்குள் இறக்கி, இறுகும்வரை படகின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு காத்திருந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வெள்ளை மீன்கள். செவுளின் மடிப்பு, கண்ணின் மேடு எல்லாம் அச்சில் இருந்தன. ஒன்றரை வருடம் இதே வேலை. மருத்துவமனையில் மருந்து அலமாரியிலும் கைகழுவும் தொட்டியிலும் சன்னல் திண்டிலும் வெள்ளை மீன்கள் அடுக்கப்பட்டன. நோயாளி வந்தால் நாற்காலியிலிருந்த மீன்களைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுத்தான் படுக்கவைக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் மாடிப்படியில் தம்பி அப்படி ஒரு மீனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். மூத்த மகள் அதற்குத் துணி சுற்றித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாளாம்.

"பாப்பா எடுத்துட்டு வந்துட்டா அக்கா. உனக்குக் கணக்குக் குறையும்ல, இந்தா."

"வச்சுக்கட்டும் விடுடா. நிறைய இருக்கு."

"நிறைய இருக்குன்னுதானே நாங்களும் சொல்றோம்?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ வேற படகுக்குப் போகக் கூடாதாடா? ஊருல படகுக்கா பஞ்சம்?"

"எனக்குத் தெரிஞ்சது அந்த விஞ்ச் ஒண்ணுதான்," என்றான் தம்பி. "நான் வயித்துக்கு அள்ளுறேன். நீ பொழுதுபோகலைன்னு குத்தி எடுத்து, அது மூச்சு விடுறதைக் கேட்டுட்டு, திரும்ப விடுற. இதுல யாரு நல்லவங்கன்னு மீனைக் கேட்டுப் பாரேன்."

வெள்ளை மீனைப் படியில் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டான். அன்றோடு அக்கா தம்பி பேச்சு நின்றது. தம்பியின் மனைவி மட்டும் பாத்திரங்களோடு மேலும் கீழும் நடந்தாள். இரண்டு பக்கச் செய்தியையும் பாதி மறைத்துச் சொல்வாள் என்பதால் வீட்டில் சண்டை பெரிதாகவில்லை.

விசாரணை ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில் நடந்தது. நீளமான மேசைகளில் வெள்ளை மீன்கள் வரிசையாகக் கிடந்தன. சங்கத்தினர் துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார்கள். மன்றத் தலைவர் மூக்கருகே ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிரமாதமா இருக்கு," என்றார். நிதானம் பக்கத்திலிருந்த சங்க உறுப்பினரான பேருந்து ஓட்டுநரின் தொடையைக் கிள்ளினார். பிறகு ஆலையின் வக்கீல் எழுந்தார். கத்திப் பேசாதவர், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு மீனைத் தூக்கி டாக்டரம்மாவின் முன்னால் வைத்தார்.

"டாக்டர், இந்த மீனோட வாயைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. உதடு கிழிஞ்சிருக்கு. வலையில கிழிஞ்சதா?"

டாக்டரம்மா அந்த உதட்டை முன்பே பார்த்திருந்தார். அச்சிலிருந்து எடுத்த அன்றே பார்த்தும் பாராதது போல அடுத்த குழிக்குப் போயிருந்தார். அது ஒன்று மட்டும் அல்ல. பாறைகளின் பக்கம் எடுத்த அச்சுகளில் பலவற்றுக்கு உதடு கிழிந்திருந்தது.

"வலையில வாய் கிழியாது," என்றார்.

"அப்ப?"

"தூண்டில் முள்."

"நீங்கதான் உயிரோட விட்டுடறீங்களே?"

"விடுறோம். விட்ட பிறகு செத்திருக்கு. செத்த இடத்துலயும் தண்ணி மூடல."

"யாரோட முள்ளுன்னு சொல்ல முடியுமா?"

கிழிசல் ஒரே பக்கமாக, சின்னதாக, சுத்தமாக இருந்தது. குறட்டைப் பிடித்து மணிக்கட்டை இடப்பக்கம் திருப்பும் பழக்கம் ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

"என்னோடது," என்றார் டாக்டரம்மா.

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். இரு தரப்பாலும் மீன் சாகிறது, ஒரு தரப்பை மட்டும் தடை செய்வது நியாயமாகாது என்று மன்றம் முடிவு செய்தது. வலைகள் மறுநாள் வழக்கம்போலப் போயின. வெளியே வந்ததும் நிதானம் கண்ணாடியைத் துடைக்காமலே பேசினார். "ஒரு வார்த்தை டாக்டரம்மா. வலைன்னு ஒரு வார்த்தை. அவங்க அள்ளுறது லட்சம், நாம கொன்னது நூறு இருக்குமா?" டாக்டரம்மா, "நூறு இருக்கும்," என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவேற்பறைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை. டாக்டரம்மா தூண்டிலைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டார். இரவில் தூங்குகிறாரா என்று மாடியிலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கீழேயிருந்து பெருமூச்சு மட்டும் கேட்கும், மீனுடையதா மனுஷியுடையதா என்று பிரித்தறிய முடியாதபடி.

அடுத்த வருடம் ஆலையின் படகுகள் விரிகுடாவில் எஞ்சியிருந்த ஒரே பெரிய கூட்டத்தை வளைத்தன. அது மேல்மட்டத்திலிருந்து தரைவரை தூண்போல நின்ற கூட்டம். அள்ளி முடித்தபோது அங்கே ஒரு விளையாட்டுத் திடல் அகலத்துக்குக் குழி நின்றது. நான்கு பக்கமும் பச்சைச் சுவராகத் தண்ணீர், கீழே காய்ந்த கடல்தரை. வலையை இழுத்துக்கொண்டிருந்த படகு நகர இடமில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது. கவிழவில்லை, லிஃப்ட் இறங்குவதுபோல மெதுவாக இறங்கி, தரையில் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆட்களை மற்றப் படகுகள் கயிறு விட்டு மேலே ஏற்றின. படகில் ஓர் ஆள் இருந்தால்தான் அது கைவிடப்பட்டதாகாது என்று கம்பெனி சொன்னது. தம்பி இருந்துகொள்கிறேன் என்றான். ஒரு வாரம் என்று சொன்னார்கள். கம்பெனி வேறு படகு வாங்கியது, பிறகு வேறு கடலுக்குப் போனது, ஆலையின் கூரைத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துப் போனார்கள். தம்பியை மேலே வா என்று சொல்ல வேண்டியவர் யார் என்பது தெளிவாகாததால் யாரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா சிறுபடகு அமர்த்திக்கொண்டு குழியின் விளிம்புக்குப் போனார். கயிற்றில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கட்டி இறக்கினார். தம்பி அண்ணாந்து பார்த்தான். தாடி வளர்ந்திருந்தது.

"மேல வாடா. உன் பொண்டாட்டி அழுவுறா."

"வந்து என்ன பண்ண? மீனு இல்ல. படகு இங்க நிக்குது. விஞ்சுக்காச்சும் எண்ணெய் போடுறேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"உப்பு கம்மியா இருக்குக்கா," என்றான், பாத்திரத்தைத் திறந்து தின்றுகொண்டே. பேச்சு நின்று இத்தனை காலத்துக்குப் பிறகு அக்காவிடம் அவன் வாய்விட்டுச் சொன்ன முதல் குறை அதுதான்.

அதன்பின் வாராவாரம் போனார். நூலேணி ஒன்று கட்டப்பட்டது. விடுமுறையில் பெண்பிள்ளைகள் இறங்கிக் கடல்தரையில் சிப்பி பொறுக்கினார்கள். தம்பியின் மனைவி துவைத்த துணிகளை மூட்டையாகக் கட்டி இறக்குவாள். ஆட்கள் பழகிப்போனார்கள். துறைமுகத்தில் யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால், வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்று சொல்வது போல, "கீழ இருக்காரு," என்றார்கள்.

தடை வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. எதிர்க்க ஆளில்லாததால் ஒரே நாளில் கையெழுத்தானது. பெருமூச்சானைப் பிடிப்பது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது குற்றம் என்று படகுத்துறையில் பலகை வைத்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். இங்கே பிடிக்க வாலும் இல்லை. பலகை நட்ட அன்று நிதானம் நெடுநாளுக்குப் பிறகு மருத்துவமனைக்கு வந்தார். நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் உள்ளே போய், "ஜெயிச்சுட்டோம் டாக்டரம்மா," என்றார். டாக்டரம்மா அவரைப் படுக்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டார். அவருக்குப் பல்வலி இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, கன்னத்தைப் பிடித்தபடி, அந்த நாற்காலியிலேயே வெகுநேரம் அழுதார்.

அந்த மழைக்காலம் முடிந்து ஒரு மதியம் அக்காவும் தம்பியும் படகின் மேல்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படகை ஒட்டியிருந்த தண்ணீர்ச் சுவரில் ஒரு பெருமூச்சான் தெரிந்தது. குழியை ஒரு முறை சுற்றியது, இன்னொரு முறை சுற்றியது, பிறகு சுவரைவிட்டு வெளியே நீந்த முயன்று தொப்பென்று தளத்தில் விழுந்தது. மூச்சு விட்டது. தம்பியின் கையிலிருந்த ரொட்டி நழுவிவிட்டது. வருடக்கணக்கில் அந்த மீனை அள்ளியவன், இயந்திரச் சத்தத்தில் அந்த மூச்சை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

டாக்டரம்மா அதைத் தூக்கி வாயைப் பார்த்தார். எந்த முள்ளும் பட்டதில்லை. ஓடிப்போய்த் தண்ணீர்ச் சுவருக்குள் கையோடு நுழைத்து விட்டார். அது இருட்டுக்குள் போனது, ஒரு வட்டம் அடித்தது, திரும்ப வந்து விழுந்தது. தம்பி எடுத்து எதிர்ப்பக்கச் சுவரில் விட்டான். அங்கிருந்தும் விழுந்தது. டிரம்மில் தண்ணீர் பிடித்து விட்டார்கள், டிரம்மைவிட்டும் குதித்தது.

"எதுக்குக்கா திரும்பத் திரும்ப இங்கயே வருது?"

"இங்கதானேடா இருந்துச்சு அதோட கூட்டம்."

தம்பி சட்டையைக் கழற்றி, சுவரோரம் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான், மீன் விழுந்தால் அடிபடாமல் இருக்கட்டும் என்று. அக்கா விட, அது விழ, தம்பி ஏந்த, மறுபடி அக்கா விட. வெயில் மேலே குழியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போனது. இருவர் கையும் ஊறி வெளுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மூச்சு கொஞ்சம் சின்னதானது. "போயேன், போய்த்தொலையேன் வேற எங்கயாவது," என்று தம்பி கெஞ்சினான். கடைசியில் அது சட்டையில் விழுந்தபோது மூச்சு வரவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை.

அதை வாளியில் வைத்துக்கொண்டு இருவரும் நூலேணியில் ஏறினார்கள். ஏன் அன்று ஏறினான் என்று தம்பியை யாரும் கேட்கவில்லை. கரையில் புதைக்கலாம் என்றுதான் கொண்டுவந்தார்கள். படகுத்துறையில், பலகைக்குப் பக்கத்தில், மீன்வளத் துறையின் புதிய காவலர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். சட்டப்படி வைத்திருப்பதும் குற்றம். வழக்குப் பதிவானது. அந்தத் தடையின் கீழ் பதிவான வழக்கு அது ஒன்றுதான். சட்டம் செயல்படுகிறது என்பதற்கு அதைத்தான் துறை இன்றும் எடுத்துக்காட்டுகிறது. வயதையும் தொழிலையும் கருதி இருவரும் எச்சரித்து விடப்பட்டார்கள். மீனை ஆதாரமாக எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை.

குழிகள் மூடவில்லை. கடற்பறவைகள் சிலவற்றில் முட்டையிடுகின்றன. புதிதாக அச்சடித்த வரைபடங்களில் அவற்றைப் பாறைகளைக் குறிப்பது போலச் சின்னச் சிலுவைக் குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். விரிகுடாவின் அக்கரைக்குப் பயணப்படகு விட ஆரம்பித்தபோது, குழிகளின் நெளிவுசுளிவு தெரிந்த ஆள் வேண்டும் என்று தம்பியை ஓட்டுநராக வைத்துக்கொண்டார்கள். அக்கரையில் புதிய குடியிருப்புகள் வந்ததால் டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்ப் பல் பார்க்கிறார். பெரிய குழி நெருங்கும்போது தம்பி ஒலிபெருக்கியில், "குழி வருது, பிடிச்சுக்கங்க," என்கிறான். படகு விளிம்பை ஒட்டிச் சாய்ந்து திரும்புகிறது. கீழே துருப்பிடித்த படகு நிற்பது சன்னலில் தெரியும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிராமலே கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். டாக்டரம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே, படகு நேராகும்வரை காத்திருக்கிறார்.